இரண்டு கை பட்ட ஸ்ட்ரைக்கர்

ஏலத்துக்கு எடுத்துக்கொள்வதற்கு முன் ஸ்ட்ரைக்கரைப் படிக்க வேண்டும் என்றார்கள். சிரிலுக்கு விளங்கவில்லை. படிக்க அதில் என்ன எழுதியா இருக்கிறது? பிஸ்கட்டை விடச் சின்னதான, கேரம் காயை அடிக்கும் ஒரு வெள்ளை வில்லை, பதினைந்து கிராம்கூட இல்லை. உலகக் கோப்பை கேரம் இறுதிப் போட்டியில் அதை வைத்து ஆடி ஜெயித்தார். அன்றைக்கு ஒரு துணியில் சுற்றி வைத்தவர், அதன் பிறகு ஒரு ஆட்டம்கூட அதில் ஆடவில்லை. ஜெயித்த ஸ்ட்ரைக்கரைக் கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது என்பது காசிமேட்டுக் கேரம்காரர்களின் பழக்கம். அந்தப் பழக்கம்தான் பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டது.

நுங்கம்பாக்கத்தில் அந்த ஏல நிறுவனம் நான்காம் மாடியில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் நிலோஃபர். கைவாசிப்புப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரலில், ஆனாலும் மரியாதையாக விளக்கினாள்.

"கை பட்ட எதுலயும் வேர்வை ஒட்டிக்கும் சார். அது யார் கை, எந்த வருஷம், அந்த நேரம் அந்த ஆள் பயந்துட்டிருந்தாரா, சந்தோஷமா இருந்தாரா, எல்லாமே அதுல இருக்கும். எங்க மிஷின் அதை ஏடு ஏடாப் பிரிச்சுப் படிக்கும். கேரம் ஸ்ட்ரைக்கர்னா எங்களுக்கு ரொம்ப வசதி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போரிக் பவுடர் போடுவீங்க இல்ல? அது கீறலுக்குள்ள போய் ஒரு நாள் வேர்வையையும் அடுத்த நாள் வேர்வையையும் ஒண்ணா கலக்க விடாம வெச்சிருக்கும்."

"படிச்சுட்டு?"

"கேட்டலாக்ல போடுவோம். போட்டாத்தான் விக்க முடியும். சட்டம் சார்."

சட்டம் வந்த கதை சிரிலுக்கும் தெரியும், நாடே அறிந்ததுதான். கோயில் சிலைகளைத் திருடி விற்றவர்களைப் பிடிக்கத்தான் இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். நல்ல காரியம்தான். பிறகு, கைவாசிப்பு இல்லாமல் எந்தப் பழம்பொருளையும் ஏலம் விடக் கூடாது என்றார்கள். அதோடு நின்றிருக்கலாம். பணக்காரர்களுக்கு அதில் ஒரு ருசி தட்டிவிட்டது. பொருளை விட்டுவிட்டு, அதைப் பிடித்திருந்த கையின் நடுக்கத்துக்கு விலை கொடுக்க ஆரம்பித்தார்கள். மயிலாப்பூரில் ஓர் அம்மாள் இறந்துபோன கணவரின் கைக்கடிகாரத்தை விற்கக் கொடுத்துவிட்டு, அதை இருபது வருடம் தினம் காலையில் கட்டிவிட்ட இன்னொரு பெண்ணின் கையைப் பற்றிக் கேட்டலாகில் படித்தாராம். இப்போதெல்லாம் வயதானவர்கள் படுக்கையில் விழுந்தால், டாக்டருக்கு அடுத்தபடியாக வீட்டுச் சாமான்களைத் துடைத்துக் கொடுக்கும் ஆட்களைத்தான் கூப்பிடுகிறார்கள். அதற்கென்றே தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது.

தன்னிடம் துடைக்க ஒன்றுமில்லை என்று சிரில் நினைத்தார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

விற்பதில் அவருக்கு வருத்தம் இல்லை, அலுப்புதான் இருந்தது. காசிமேட்டில் கடல் தண்ணீர் தெருவுக்குள் ஏறி வர ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அவர்கள் இருப்பது இரண்டாம் மாடி. மனைவி ரெஜினாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டதால் அவர் படியிறங்கி இரண்டு வருடம் ஆகிறது. மாதா கோயில் மணி சத்தத்தைப் படுக்கையிலிருந்தே கேட்டுச் சிலுவை போட்டுக்கொள்கிறார். பட்டாபிராம் பக்கம் தரைத்தளத்தில் ஒரு வீடு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஓர் இடம். அவ்வளவுதான் அவர் கேட்டது. வீட்டில் விற்கக்கூடிய பொருள் என்று இருந்தது ஸ்ட்ரைக்கர் ஒன்றுதான். மற்றதெல்லாம் பொன்னாடை. அலமாரி நிறையப் பொன்னாடை. அதை யார் வாங்குவார்கள்?

பத்து நாள் கழித்து நிலோஃபர் நேரில் வரச் சொன்னாள். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்றாள்.

"கடைசி ஏடுகள்ல ரெண்டு பேர் கை இருக்கு சார்."

அது சிரிலுக்குத் தெரியாததா? அதனால்தானே அந்த ஸ்ட்ரைக்கருக்கே பெயர். கொழும்பில் நடந்த அந்த இறுதிப் போட்டியில் மேசைக்கு இரண்டு பக்கமும் ஒரே தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் சிரில், அந்தப் பக்கம் மகிமைதாஸ். ஒரே மன்றத்தில், ஒரே போர்டில் விளையாடி வளர்ந்தவர்கள். மூன்றாவது செட்டில் தாஸின் ஸ்ட்ரைக்கர் ஓரத்தில் விண்டுபோயிற்று. நடுவர் அதை ஒதுக்கிவிட்டார். மாற்று ஸ்ட்ரைக்கர் அவரிடம் இல்லை. சிரில் தன்னுடையதை எடுத்து மேசை மேல் தள்ளி, "இதுலயே ஆடுடா" என்றார். மிச்ச ஆட்டம் முழுக்க ஒரு ஸ்ட்ரைக்கர்தான், இவர் கையிலிருந்து அவர் கைக்கும் அவர் கையிலிருந்து இவர் கைக்கும் போய்வந்தது.

கடைசி போர்டு, கோப்பையைத் தீர்மானிக்கும் சுற்று. தாஸ் சிவப்புக் காயைப் போட்டுவிட்டார். ரெட் போட்டால் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றைப் போட வேண்டும். அதற்குப் பெயர் ஃபாலோ. போடாவிட்டால் ரெட் திரும்பவும் நடுவுக்கு வந்துவிடும். தாஸுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வெள்ளை, அதுவும் பாக்கெட் வாயிலேயே நின்றது. ஊதினால் விழும். அதைப் போட்டால் கோப்பை அவருக்கு. ஸ்ட்ரைக்கர் அந்தக் காயை லேசாக உரசிக்கொண்டு போயிற்று. காய் அசைந்தது, விழவில்லை. ஸ்ட்ரைக்கரைக் கையில் வாங்கிய சிரில் ரெட், ஃபாலோ, மிச்சம் இரண்டு கறுப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தார்.

"உங்க கைல பயம் அப்படியே இருக்கு சார். ஒவ்வொரு அடிக்கும் ஏறிட்டே போகுது," என்றாள் நிலோஃபர். "அவர் கைல ஒண்ணுமே இல்ல. அந்தக் கடைசி அடியில, கோப்பை கைக்கு வந்த நேரத்துல, அவர் சும்மா டீ குடிக்கிற மாதிரி அமைதியா இருந்திருக்கார். தோத்துடுவோமோங்கற பயமும் இல்ல, ஜெயிச்சிடுவோம்ங்கற படபடப்பும் இல்ல."

"அப்படின்னா?"

"எங்க நிபுணர்கள் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வர்றாங்க. அடிக்கறதுக்கு முன்னாடியே விட்டுடறதுன்னு முடிவு பண்ணவங்க கைதான் அப்படி இருக்கும்."

 சிரில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று அவள் கேட்டதற்கு வேண்டாம் என்று கையசைத்தார். உண்மையைச் சொன்னால், அவருக்கு அந்தச் சந்தேகம் புதிதல்ல. பாக்கெட் வாயில் நின்ற காயைத் தாஸ் தவறவிட்டு அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை. முப்பத்தேழு வருடமாக அந்தச் சந்தேகம் பல்லில் மாட்டிய நார்போல எங்கோ ஒரு மூலையில் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. நாக்கால் தொட்டுப் பார்ப்பார், விட்டுவிடுவார்.

ஏனென்றால் அந்த ஒரு அடியின் மேல்தான் அவருடைய வாழ்க்கை முழுக்க உட்கார்ந்திருந்தது. துறைமுகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்த வருடம் ஒரே ஓர் இடம். இரண்டு பேருமே மனுப் போட்டிருந்தார்கள். கோப்பையோடு வந்த சிரிலுக்கு வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததால் ரெஜினாவின் அப்பா பெண் கொடுத்தார். தாஸ் ஐஸ் ஃபேக்டரியில் பெட்டி தூக்கினார். இரண்டு வருடத்தில் கேரமையும் விட்டுவிட்டார். குடி என்றார்கள்.

இன்னொன்றும் உண்டு, சிரில் யாரிடமும் பேசாத ஒன்று. ஊர் திரும்பியதும் மன்றத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். சிரில் மைக்கைப் பிடித்தார். கழுத்தில் மாலை, எதிரே நானூறு பேர், தலைகால் புரியவில்லை. "என் நண்பன் தாஸுக்கு எல்லாம் வரும், ஃபாலோ மட்டும்தான் வராது" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து மகிமைதாஸ் ஃபாலோ தாஸ் ஆனார். மீன் மார்க்கெட்டில் ஃபாலோ, ரேஷன் கடையில் ஃபாலோ. பள்ளிக்கூடத்தில் அவர் பையனை ஃபாலோ மகன் என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று சிரில் நினைப்பார். ஒவ்வொரு கிறிஸ்துமஸும் போய்விடும்.

இப்போது போய்த்தான் ஆக வேண்டும். ஏட்டில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சிட முடியும் என்றாள் நிலோஃபர். தபாலில் அனுப்பலாமா என்று சிரில் கேட்டார். அனுப்பலாம் என்றாள். பிறகு மனம் மாறி, வேண்டாம், நானே எடுத்துப் போகிறேன் என்றார்.

மீஞ்சூரைத் தாண்டி, கடலோரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுபோனவர்களுக்காகக் கட்டிய அடுக்குமாடிகளில் எட்டாம் பிளாக். தாஸ் கட்டிலின் ஓரத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியில் காயப்போட்ட துணி கிடந்தது. மனைவி இறந்து பல வருடம் ஆகிறது. மகன் லாரி ஓட்டப் போயிருந்தான். மருமகள் கிரேசி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ பென்ஷன் ஆபீசர் என்று நினைத்து உள்ளே போய்விட்டாள்.

"இன்னாடா சிரிலு," என்றார் தாஸ், நேற்றுப் பார்த்தவர்போல. "இன்னும் சாவலியா நீ?"

வயதாகியிருந்தது. வலது கை மடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அதை இடது கையால் பிடித்து வைத்திருந்தார். சிரில் சொல்ல நினைத்து வந்தது ஒன்று, சொன்னது வேறு. ரெஜினாவின் முழங்கால், கடல் தண்ணீர், பட்டாபிராம் வீடு என்று சுற்றி வளைத்துப் பேசினார். ஸ்ட்ரைக்கரை விற்கப்போவதைச் சொன்னார். காகிதத்தை நீட்டினார். கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டேன், நீயே சொல்லு என்றார் தாஸ். தப்பிக்க வழியில்லை.

"அந்தக் கடைசி அடிய நீ வேணும்னே விட்டேன்னு மிஷின் சொல்லுது."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. கிரேசி கையில் கரண்டியோடு வாசற்படிக்கு வந்தாள். தாஸ் சிரிலைப் பார்க்கவில்லை. மருமகளைத்தான் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஆமா," என்றார்.

"டேய்."

"ஆமாடா. உனக்கு வேலை வேணும். வேலை இல்லாதவனுக்கு ரெஜினா வீட்ல பொண்ணு குடுப்பாங்களா? எனக்கு இன்னா, ஐஸ் ஃபேக்டரி இருந்துச்சு."

"இத்தினி வருஷம் ஏன்டா சொல்லல?"

"சொன்னா அப்புறம் அது குடுத்ததா ஆவுமா?"

கிரேசி நாற்காலியில் கிடந்த துணியை வாரி எடுத்தாள். "மாமா, நீங்க இதுல உக்காருங்க" என்று மாமனாரின் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். அந்த மாமா என்ற வார்த்தை அந்த வீட்டில் நெடுநாள் கழித்துக் கேட்பதுபோல இருந்தது. தாஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். கை ஆடியதால் பெயர் மூன்று வரிக்கு இறங்கியது. இரண்டாவது பக்கத்திலும் போட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை. சிரில் படியிறங்கும்போது மேலே கிரேசி போனில் புருஷனிடம் பேசுவது கேட்டது. உங்கப்பா வேணும்னேதான் விட்டுக் குடுத்தாராம், உலகக் கோப்பைய விட்டுக் குடுத்தாராம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரெஜினா முழங்காலில் சூடு ஒத்தடம் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ என்னையும் அவர்தான் உங்களுக்குக் குடுத்தாரா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். சிரிலுக்குச் சிரிப்பு வரவில்லை. ரெஜினா அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தியது கோப்பையா நீங்களா என்று ஆறுதலாக ஏதோ சொன்னார். அது அவர் காதில் ஏறவில்லை. ஷோகேஸிலிருந்து கோப்பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அங்கே கடல் காற்றில் துருப்பிடித்த பெட்டியோடு பெட்டியாக அது கிடந்தது. காலையில் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அங்கே அவரைச் சாம்பியன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒருவனுக்கு வாழ்க்கையில் தானாகச் செய்தது என்று ஏதாவது ஒன்று வேண்டும். வீடு அப்பா கட்டியது. வேலை ஒதுக்கீட்டில் வந்தது. பிள்ளை குட்டி இல்லை. அந்த நான்கு காய்கள் மட்டும்தான் அவருடையவை. அதுவும் தானம் என்று ஆகிவிட்டால் அறுபத்துநான்கு வயதில் மிச்சம் என்ன? பௌர்ணமி வந்தது, கீழே தண்ணீர் ஏறியது, இறங்கியது. சிரில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

மூன்றாவது வாரம் நிலோஃபர் மறுபடி கூப்பிட்டாள். அன்று மாலை கேட்டலாக் அச்சுக்குப் போகிறது, அதற்கு முன் வந்தால் நல்லது என்றாள். போனபோது அறையில் அவள் மட்டும் இருந்தாள். கதவைச் சாத்தினாள்.

"சார், நானா ஒரு ரெண்டாம் வாசிப்பு பண்ணினேன். அவர் அமைதி எனக்கு உறுத்திட்டே இருந்துது. மனுஷன் அமைதின்னாலும் கொஞ்சம் ஏறி இறங்கணும். இது இஸ்திரி போட்ட மாதிரி இருந்துச்சு."

"ம்."

"மாத்திரை சார். கை நடுக்கத்துக்குக் குடுக்கற மாத்திரை. நெஞ்சுத் துடிப்பை அடக்கிடும். அது வேர்வையில கலந்திருக்கு. அதைப் போட்டா யார் கையும் அப்படித்தான் காட்டும். அந்த அமைதிக்கு வேற அர்த்தமே இல்ல. அவர் விட்டுக் குடுக்கல. அடிச்சார், தவறிடுச்சு. நீங்கதான் ஜெயிச்சீங்க."

சிரிலுக்கு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்க முடியவில்லை. அந்த நான்கு காய்களும் ஒவ்வொன்றாகத் திரும்பிவந்து அவர் உள்ளங்கையில் உட்கார்ந்தன. உடனே கோபமும் வந்தது. பாவி, எப்படி முகத்தைப் பார்த்து ஆமாம் என்றான்? ஐஸ் ஃபேக்டரி இருந்துச்சாம். ரெஜினா வீட்டைப் பற்றிப் பேசினானே. மூன்று வாரம் என்னைச் சாகடித்தானே.

"அச்சுல போடும்மா," என்றார். "எல்லாத்தையும் போடு."

நிலோஃபர் தலையாட்டினாள். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. "போட்டா என்ன வரும்னு சொல்லிடறேன் சார். அது விளையாட்டுல தடை செஞ்ச மாத்திரை. அதைப் போட்டுத்தான் ஃபைனல் ஆடினார்னு வரும். கேரம் சம்மேளனப் பதிவேட்டுல இருந்து அவர் பேரை எடுத்துடுவாங்க. இப்போ விட்டுக் குடுத்தேன்னு சொன்னது பொய்ங்கறதும் வெளில வரும். மறு வாசிப்பு வந்தா அதையும் போடலாம்னு இருந்த ரெண்டாம் பக்கத்துலயும் அவர் கையெழுத்துப் போட்டிருக்கறதால அவர்கிட்ட மறுபடி கேக்க வேண்டியதில்ல."

"போடலன்னா?"

"முதல் வாசிப்பு மட்டும் போகும். அவர் விட்டுக் குடுத்தார், நீங்க வாங்கிக்கிட்டீங்க."

"விலை?"

"ரெண்டுக்குமே நல்ல விலை வரும் சார். பெரிசா வித்தியாசம் இருக்காது."

வித்தியாசம் இருந்திருக்கலாம் என்று சிரிலுக்குத் தோன்றியது. ஒரு பக்கம் விலை குறைந்திருந்தால் ரெஜினாவின் முழங்காலைக் காரணம் காட்டி மறுபக்கம் சாய்ந்திருக்கலாம். இப்போது அவர் ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மாத்திரை எத்தனை நாளாகப் போட்டிருக்கிறான் என்று தெரியுமா என்று கேட்டார்.

அது தெரியாது என்றாள் நிலோஃபர். ஆனால் இன்னொன்று தெரியும் என்று திரையைத் திருப்பினாள். ஸ்ட்ரைக்கரைப் பிடித்திருந்த விரலின் அழுத்தம் கோடாக ஓடியது. சிரிலின் கோடு நேராக இருந்தது. தாஸுடையது நெளிந்து நெளிந்து ஓடியது.

"மாத்திரை பயத்தைத்தான் முழுசா அடக்கியிருக்கு. நடுக்கத்தை அடக்கல. அந்த ஆட்டம் முழுக்க அவர் கை ஆடிட்டுத்தான் இருந்திருக்கு."

சிரில் அந்த நெளிந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வயதில் கை ஆட ஆரம்பித்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆட விட மாட்டார்கள், வேலைக்கான மனுவும் போயிருக்கும். ஆடுகிற கையோடு உலகத்தில் இருக்கிற அத்தனை பேரையும் ஜெயித்து இறுதிப் போட்டிவரை வந்து, ரெட்டையும் போட்டு, கடைசியில் ஊதினால் விழும் காயிடம் தோற்றிருக்கிறான். பிறகு ஆட முடியாமல் போனதைக் குடி என்றார்கள். அவன் அதையும் மறுக்கவில்லை. அவனைப் பார்த்துத்தான் நானூறு பேர் முன்னால் ஃபாலோ வராது என்று சொன்னேன். சிரிலுக்கு வெட்கமாக இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு அடித்தது. அச்சகத்திலிருந்து போன் வந்தது. ஐந்து நிமிஷம் என்றாள் நிலோஃபர்.

"ரெண்டாவதை விட்டுடும்மா," என்றார் சிரில்.

"சார், நீங்கதான் ஜெயிச்சீங்க. அதை நீங்களே எப்படி..."

"ஜெயிச்சேன்னு இன்னிக்குத்தானே எனக்குத் தெரிஞ்சுது. அது போதும். இத்தினி நாள் ஊரு சொல்லிச்சு, நான்தான் நம்பல."

"வீட்டுல அம்மாகிட்டயாவது சொல்லிக்கலாம் சார்."

அவர் இல்லையென்று தலையாட்டினார். ரெஜினாவிடம் சொன்னால் அன்று மாலைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும். ரெஜினாவுக்கு அவர் ஜெயித்தவர் என்பதை மறைக்கத் தெரியாது. இத்தனை வருடம் ரெஜினா பெருமைப்பட்ட ஒரே விஷயம் அது. இனி ரெஜினாவும் சிரிலைத் தானம் வாங்கியவன் என்றே நினைத்துக்கொண்டு பட்டாபிராம் வாசலில் உட்கார்ந்திருப்பார். அதை நினைத்தபோதுதான் அவருக்கு நிஜமாகவே வலித்தது. நிலோஃபர் இரண்டாம் வாசிப்பை அவர் கண்ணெதிரே அழித்தாள். அழித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வேலைக்கு வந்து ஐந்து வருடத்தில் அழித்தது இதுதான் முதல் தடவை என்றாள்.

ஏலம் சனிக்கிழமை காலையில் நடந்தது. தோஹாவிலிருந்து ஒருவர் போனிலேயே கேட்டு எடுத்தார். ஸ்ட்ரைக்கரை அவர் பார்க்கக்கூட இல்லை. விட்டுக்கொடுத்த கையின் அமைதி தனக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னாராம். சுத்தியல் விழுந்ததும் பத்திரிகைக்காரர்கள் தாஸைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மகன் லாரிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அப்பாவின் முழங்கையை ஒரு நிமிஷம்கூட விடவில்லை. நட்புக்காகக் கோப்பையைத் துறந்தவர் என்று மேடையில் யாரோ பேசினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். சிரிலிடமும் ஒரு மைக் வந்தது. இவ்வளவு நாள் மற்றவரின் வெற்றியை வைத்திருந்தது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றார். மைக் போய்விட்டது.

கூட்டம் கலைந்து, கீழே வாசலில் வண்டிக்காக நின்றபோது தாஸ் மெதுவாக நடந்து வந்தார். மகனும் கிரேசியும் இரண்டடி பின்னால் நின்றார்கள். தாஸின் முகத்தில் மேடையில் இருந்த சந்தோஷம் இல்லை. கை முன்னைவிட அதிகமாக ஆடியது.

"சிரிலு," என்றார் தணிந்த குரலில். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. அந்த ஆட்டத்துல நானு..."

சிரில் அவருடைய ஆடும் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான்தான்டா சொல்லணும்," என்றார், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. "அந்த வேலை இல்லன்னா நானும் ரெஜியும் இன்னா ஆயிருப்போமோ. இத்தினி வருஷத்துல உனக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லல. ரொம்ப தேங்க்ஸ்டா தாஸு."

 தாஸ் சிரிலின் முகத்தை உற்றுப் பார்த்தார். கண் கலங்கியது.

"சரிடா," என்றார்.